வாலா, தலையா? பதவிக்கு வருகிறவர்கள் வேதத்தை வைத்துக் கேட்கும் கேள்விகள்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு சேகரத்தில் (ஒரு போதகரின் கீழுள்ள சபைகளின் தொகுதி) ஞாயிறு மாலை வேதபாட (பைபிள்) வகுப்பு எடுக்கிறேன். வேலையில் இருந்தபோது தாலுகா அலுவலகத்தில் எழுத்தர். எங்கள் கோவிலில், அதாவது சர்ச்சில், ஒன்பது வருடம் பொருளாளர். அதனாலோ என்னவோ, வகுப்பு முடிந்து செருப்பு மாட்டுகிற இடத்தில் யாராவது நிறுத்திக் கேட்பார்கள். வார்டு உறுப்பினர், குரூப் 4 எழுதித் தேறிய பையன், சேகரக் கமிட்டிக்கு நிற்கிறவர், பஞ்சாயத்துத் தலைவி என்று ஆட்கள் மாறுகிறார்கள், கேள்விகள் மாறுவதில்லை. அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதியிருக்கிறேன். வசனங்கள் நாம் வீட்டில் வாசிக்கிற பழைய மொழிபெயர்ப்பில் உள்ளபடி.

வேதத்துல தலைமைன்னா என்ன அண்ணாச்சி? சுருக்கமா சொல்லுங்க.

மாற்கு 10-ஆம் அதிகாரம். சீஷர்களில் யாக்கோபும் யோவானும் இயேசுவிடம் வந்து, உமது மகிமையில் ஒருவன் வலதுபுறம், ஒருவன் இடதுபுறம் உட்கார வேண்டும் என்று கேட்கிறார்கள். அதாவது சீட்டு கேட்கிறார்கள். மற்ற பத்துப் பேரும் எரிச்சலானார்கள் என்று எழுதியிருக்கிறது. ‘ஐயோ, இப்படி ஆசைப்படுகிறார்களே’ என்ற வருத்தத்தில் வந்த எரிச்சல் இல்லை, நாம் முந்திக்கொள்ளவில்லையே என்பதுதான். ஒரு முறை கமிட்டித் தேர்தலைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். அப்போது சொன்னதுதான் “உங்களில் எவனாகிலும் பெரியவனாயிருக்க விரும்பினால், அவன் உங்களுக்குப் பணிவிடைக்காரனாயிருக்கக்கடவன்” என்ற வசனம்.

பெரியவனாக விரும்பாதே என்று அவர் சொல்லவில்லை. விரும்பினால் வேலை இதுதான் என்றார். பணிவிடைக்காரன் என்றால் பந்தியில் நின்று பரிமாறுகிறவன். எல்லோரும் சாப்பிட்டு முடிந்த பிறகுதான் அவனுக்கு இலை.

புது வருஷ ஆராதனையில எனக்கு ‘உன்னை வாலாக்காமல் தலையாக்குவார்’னு வாக்குத்தத்தம் வந்துது. இந்த வருஷம் நிக்கலாம்ல?

நிற்கலாம். ஆனால் புது வருஷத்தில் ஆளுக்கு ஒரு வசனம் என்று எடுக்கிற அந்த வாக்குத்தத்த அட்டையைக் காரணமாக வைத்து நிற்காதீர்கள். அது உபாகமம் 28:13. ஒரு தேசம் முழுவதற்கும் சொல்லப்பட்ட வார்த்தை. கட்டளைகளைக் கைக்கொண்டு நடந்தால் என்ற நிபந்தனையும் அதே வசனத்தில் இருக்கிறது. அட்டை அடிக்கிற அச்சகத்தில் அந்தப் பாதிக்கு இடம் இருப்பதில்லை. தலை, வால் என்பதற்கு அர்த்தமும் பக்கத்திலேயே உண்டு: முந்தின வசனத்தில் நீ கடன் கொடுப்பாய், கடன் வாங்கமாட்டாய் என்கிறது, 44-ஆம் வசனத்தில் அதைத் திருப்பிப் போட்டு, அந்நியன் தலையாவான், நீ வாலாவாய் என்கிறது.

அதே புத்தகத்தில் 17-ஆம் அதிகாரத்தையும் வாசியுங்கள். ராஜாவாக வருகிறவன் குதிரைகளைப் பெருக்கக்கூடாது, மனைவிகளைப் பெருக்கக்கூடாது, வெள்ளியும் பொன்னும் பெருக்கக்கூடாது. நியாயப்பிரமாணத்துக்கு ஒரு பிரதி எழுதி வைத்துக்கொண்டு உயிரோடிருக்கிற நாளெல்லாம் வாசிக்க வேண்டும். எதற்காக? அவன் இருதயம் அவன் சகோதரர்பேரில் மேட்டிமை கொள்ளாதிருக்க. நிற்பதற்கு முன்னால் வாசிக்க வேண்டிய பகுதி இது. இதை வாக்குத்தத்த அட்டையில் யாரும் அச்சடித்து நான் பார்த்ததில்லை.

தாழ்மைன்னா மெதுவா பேசுறது, எல்லாத்துக்கும் தலையாட்டுறது, அப்படித்தானே?

மோசேயைப் பூமியிலுள்ள எல்லா மனிதரிலும் சாந்தகுணமுள்ளவன் என்கிறது எண்ணாகமம். பார்வோன் முன்னால் போய் நின்றதும், கற்பலகைகளை மலையடிவாரத்தில் எறிந்து உடைத்ததும் அதே ஆள்தான். அதனால் தாழ்மையைக் குரலில் தேட வேண்டாம். கணக்கில் தேடலாம் என்று நான் சொல்வேன். என்னைச் சரிபார்க்கலாம் என்று அடுத்தவனுக்கு இடம் கொடுக்கிறவன் தாழ்மையுள்ளவன்.

இதை நான் ஒரு பாட்டியிடம் படித்தேன். ஒரு வருடம் அசனப் பண்டிகை (சபையார் எல்லோருக்கும் போடுகிற விருந்து) கணக்கில் 340 ரூபாய் இடித்தது. தேங்காயா, கூலியா, எங்கே விட்டேன் என்று தெரியவில்லை. என் பையிலிருந்து போட்டுச் சரிக்கட்டிவிட்டு, கூட்டத்தில் அதைக் கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். பின்வரிசையிலிருந்து ஒரு பாட்டி கேட்டார்: “அப்போ கூடுதலா வந்தா எடுத்துக்கிடுவியா?” கூட்டம் சிரித்தது. எனக்குக் காது சூடாகிவிட்டது. குறைந்ததைக் குறைந்தது என்றே எழுதிப் படித்திருக்க வேண்டும்.

சாமுவேல் முதிர்வயதில் அதைத்தான் செய்தார். ஜனங்களைக் கூட்டி நிறுத்தி, “நான் யாருடைய எருதை எடுத்துக்கொண்டேன்? யாருடைய கழுதையை எடுத்துக்கொண்டேன்? யார் கையில் பரிதானம் வாங்கிக்கொண்டு கண்சாடையாயிருந்தேன்?” என்று கேட்டார் (1 சாமுவேல் 12; பரிதானம் என்றால் லஞ்சம்). இப்போது தமிழ்நாட்டில் வருடத்துக்கு 6 கிராம சபை நடக்கிறது. வரவு செலவை வாசிக்கும்போது முன்வரிசையில் இருக்கிறவர்களுக்காவது கேட்கிற மாதிரி வாசித்தால், சாமுவேல் செய்ததில் பாதி செய்த மாதிரி.

பெரிய வியாழன் அன்னைக்குக் கால் கழுவுறாங்களே, அது போதாதா?

சடங்கை நான் குறை சொல்லவில்லை. ஆனால் கழுவப்படப் போகிற பன்னிரண்டு பேரும் வீட்டிலேயே சோப்புப் போட்டுத் தேய்த்துவிட்டுத்தான் வருகிறார்கள். யோவான் 13-இல் இயேசு சீஷர்களுக்குக் கழுவினவை தெருப்புழுதி ஒட்டின கால்கள். அதில் இரண்டு கால் யூதாசுடையது. அன்று இரவு அவன் தம்மைக் காட்டிக்கொடுக்கப் போகப்போகிறான் என்று தெரிந்தும் இயேசு அந்தக் கால்களைத் தாண்டிப் போகவில்லை. உங்களுக்கு எதிராக ஓட்டுப் போட்ட தெருவுக்குத் தண்ணீர்க் குழாய் முதலில் போகிறதா, கடைசியில் போகிறதா என்று பார்த்தால் நாம் எவ்வளவு கழுவியிருக்கிறோம் என்று தெரிந்துவிடும்.

நான் வாய் திறந்து கேக்கிறது இல்ல. அவங்களா சந்தோஷத்துல தர்றாங்க. அதுவும் தப்பா?

புதிதாக வேலைக்குப் போன பையன்கள் கேட்கிற கேள்வி. யாத்திராகமம் 23:8 கேட்டு வாங்கினதா, கேட்காமல் வந்ததா என்று பிரிக்கவில்லை: “பரிதானம் பார்வையுள்ளவர்களைக் குருடாக்கி, நீதிமான்களின் வார்த்தைகளைப் புரட்டும்.” கெட்டவனை அது கெடுக்கும் என்று சொல்லவில்லை; பார்வையுள்ளவனை, நீதிமானைக் கெடுக்கும் என்கிறது. என் அனுபவமும் அதுதான். ஒருவர் தீபாவளிக்கு ஒரு டப்பா இனிப்புக் கொடுத்தார், வேறு ஒன்றுமில்லை. பொங்கலுக்கு அவர் மனு அடுக்கின் மேலே வந்துவிட்டது. நான் எடுத்து வைத்ததாக எனக்கு ஞாபகமே இல்லை.

சிலர் நீதிமொழிகள் 18:16-ஐக் காட்டுவார்கள்: ஒருவன் கொடுக்கும் வெகுமதி அவனுக்கு வழி உண்டாக்கும் என்று. உலகத்தில் இப்படி நடக்கிறது என்று அந்த வசனம் சொல்கிறது. போய்க் கொடு என்று சொல்லவில்லை.

அதற்காக வேலையை விட்டுவிட வேண்டுமா என்றும் கேட்கிறார்கள். லூக்கா 3-இல் ஆயக்காரர் (வரி வசூலிக்கிறவர்கள்) வந்து யோவான்ஸ்நானகனிடம் அதையே கேட்டார்கள். அவர் வேலையை விடச் சொல்லவில்லை. “உங்களுக்குக் கட்டளையிட்டிருக்கிறதற்கு அதிகமாய் ஒன்றும் வாங்காதிருங்கள்” என்றார். போர்ச்சேவகருக்கு “உங்கள் சம்பளமே போதுமென்றும் இருங்கள்” என்றார்.

சரி, லஞ்சம் வேண்டாம். பதவிக்குன்னு முறைப்படி வர்ற சலுகையை எடுத்துக்கலாம்ல?

எடுத்துக்கொள்ளலாம், பாவமில்லை. ஆனால் நெகேமியாவை ஒரு முறை பார்த்துவிட்டு எடுங்கள். அவர் யூதாவுக்கு அதிபதியாக 12 வருடம் இருந்தார். அதிபதிகளுக்கு வரவேண்டிய படியை அந்த 12 வருடமும் வாங்கவில்லை. இத்தனைக்கும் அவர் பந்தியில் தினமும் 150 பேர். நாளொன்றுக்கு ஒரு காளை, முதல்தரமான ஆறு ஆடு, பறவைகள் வேறு. எல்லாம் கைக்காசு. காரணத்தையும் சொல்கிறார்: இந்த ஜனங்கள் பட்ட பாடு கடினமாயிருந்தது. வயலை அடகு வைத்தவர்கள், பிள்ளைகளை அடிமையாக விட்டவர்களெல்லாம் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். முன்னிருந்த அதிபதிகளைப் பற்றிச் சொல்லும்போது, “அவர்கள் வேலைக்காரரும் ஜனங்கள்மேல் அதிகாரம் செலுத்தினார்கள்” என்று ஒரு வரி சேர்க்கிறார். நான் வேலை பார்த்த இடத்தில் அதிகாரியின் டிரைவருக்கு எழுந்து நின்றவர்களைப் பார்த்திருக்கிறேன். அதனால் அந்த வரியில் எப்போதும் கொஞ்சம் நிற்பேன்.

நம் காலத்துக்குப் பக்கத்தில் ஜே. சி. குமரப்பா. தஞ்சாவூரில் பிறந்த கிறிஸ்தவர், லண்டனில் கணக்குத் தணிக்கை படித்தவர், காந்தியோடு இருந்தவர். 1934-இல் பீகார் நிலநடுக்கம். நிவாரணப் பணத்தின் கணக்கு இவர் கையில். காந்தியும் கூட வந்தவர்களும் அங்கே சுற்றுப்பயணம் வந்தபோது, அவர்களுடைய சாப்பாட்டுச் செலவையும் கார்ச் செலவையும் நிவாரண நிதியில் எழுத முடியாது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று காந்தியின் செயலாளர் மகாதேவ் தேசாயிடம் சொல்லிவிட்டார். காந்திக்கே! பவுலும் எருசலேம் ஏழைகளுக்குத் தர்மப்பணம் சேர்த்தபோது தனியாகத் தூக்கிக்கொண்டு போகவில்லை, சபைகள் தெரிந்தெடுத்த ஆளைக் கூட்டிக்கொண்டு போனார். “கர்த்தருக்கு முன்பாக மாத்திரமல்ல, மனுஷருக்கு முன்பாகவும்” யோக்கியமாயிருக்க வேண்டும் என்று எழுதினார் (2 கொரிந்தியர் 8). ‘எனக்கும் ஆண்டவருக்கும் தெரியும்’ என்று சொல்லிக் கணக்கு நோட்டை மூடுகிறவர்கள் இந்த இடத்தை வாசித்ததில்லை போல.

நம்ம ஆளு பதவிக்கு வந்தா நம்ம ஜனத்துக்கு முதல்ல செய்யணும்ல? கலாத்தியர்லயே இருக்கே?

இருக்கிறது. “விசேஷமாக விசுவாச குடும்பத்தார்களுக்கும்” நன்மை செய்யச் சொல்கிறது 6:10. ஆனால் அது உங்கள் பையிலிருந்து செய்வதைப் பற்றியது. ஊர்ப்பணத்துக்குச் சட்டம் வேறு. உபாகமம் 1-இல் மோசே நியாயாதிபதிகளுக்குச் சொன்னது: முகதாட்சிணியம் பாராமல் பெரியவனுக்கும் சிறியவனுக்கும் சமமாகச் செவிகொடுங்கள், சகோதரனோடு வழக்குள்ளவன் அந்நியனாக இருந்தாலும் நீதியாய்த் தீருங்கள். கோவில் தெருவுக்கு விளக்கு எரிந்து, ஊரணித் தெரு இருட்டாகக் கிடந்தால் அந்த ஊரில் கிறிஸ்துவின் பெயருக்கு என்ன மரியாதை இருக்கும்?

திறப்பு விழாக் கல்வெட்டுல பேர் போடலாமா?

அரசாங்கக் கட்டடத்துக்கு முறைப்படி போடுகிற பெயர் போகட்டும். கோவிலில் ட்யூப்லைட்டில் போடுவதைத்தான் தாங்க முடியவில்லை. ‘அன்பளிப்பு’ என்று தொடங்கித் தகப்பனார் பெயர் வரை எழுதி, பாதி வெளிச்சத்தை மறைத்துவிடுகிறார்கள். வலதுகை செய்வதை இடதுகை அறியாதிருக்கக்கடவது என்பது மத்தேயு 6. லூக்கா 22-இல் இன்னும் கூர்மையாக இருக்கிறது: புறஜாதியாரை அதிகாரத்தால் ஆளுகிறவர்கள் ‘உபகாரிகள்’ என்று பெயர் வாங்கிக்கொள்கிறார்கள், உங்களுக்குள்ளே அப்படி வேண்டாம் என்கிறார்.

உபகாரிக்கும் சிநேகிதனுக்கும் உள்ள தூரத்தைச் சொன்னவர் நம் வெள்ளாளன்விளைக்காரர், வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1910-இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில், உங்கள் பொருளைத் தந்தீர்கள், உயிரையும் தந்தீர்கள், எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள் என்று வெள்ளைக்கார மிஷனெரிமார் முன்னாலேயே கேட்டார். இரண்டு வருடம் கழித்து அவரே தோர்ணக்கல் பேராயர் ஆனார், ஆங்கிலிக்கன் சபையில் முதல் இந்தியப் பேராயர். இன்று நம்மிடம் யாராவது எழுந்து அப்படிக் கேட்டால் எத்தனை பேருக்குப் பிடிக்கும்?

பஞ்சாயத்துத் தலைவி நான்தான். ஆனா வீட்டுக்காரர்தான் எல்லாம் பாக்குறார். பெண் அடங்கி இருக்கணும்னு வேதத்துல இருக்கே?

நியாயாதிபதிகள் 4. தெபொராள் ராமாவுக்கும் பெத்தேலுக்கும் நடுவே ஒரு பேரீச்சமரத்தின் கீழே உட்கார்ந்திருப்பாள், இஸ்ரவேலர் நியாயத்துக்கு அவளிடம் போவார்கள். லபிதோத்தின் மனைவி என்று அறிமுகம் உண்டு. மரத்தடியில் லபிதோத் உட்கார்ந்திருந்ததாக எழுதவில்லை. படைத்தலைவன் பாராக், நீ வந்தால்தான் போவேன் என்று சொன்னான்.

இந்தத் தங்கச்சியிடம் நான் சொன்னது ஒன்றுதான்: செக்கில் கையெழுத்து உங்களுடையது என்றால் வாசிப்பதும் உங்களுடையது. வெற்றுச் செக்கில் கையெழுத்துப் போட்டு வீட்டில் வைக்காதீர்கள். நாளைக்குத் தணிக்கையில் கேள்வி உங்களுக்குத்தான் வரும், வீட்டுக்காரருக்கு வராது.

ஆபீஸ்ல ஆயுத பூஜை. நான்தான் மேலதிகாரி. நின்னா கோவில்ல பேசுறாங்க, போகலைன்னா ஸ்டாஃப் வருத்தப்படுறாங்க.

2 இராஜாக்கள் 5-இல் சீரியப் படைத்தலைவன் நாகமான் எலிசா தீர்க்கதரிசியிடம் கேட்டது கிட்டத்தட்ட இதுதான். குஷ்டம் நீங்கி, இனி கர்த்தரைத் தவிர வேறு தெய்வத்துக்குப் பலியிடமாட்டேன் என்று சொன்ன கையோடு ஒரு சிக்கலைச் சொல்கிறான்: என் ராஜா ரிம்மோன் கோவிலில் பணியும்போது என் கையில் சாய்ந்துகொள்வார், நானும் குனிய வேண்டியிருக்கும், இந்த ஒன்றைக் கர்த்தர் மன்னிப்பாராக. எலிசா பிரசங்கம் பண்ணவில்லை. “சமாதானத்தோடே போ” என்றார். இன்னொரு பக்கம் தானியேல் 3 இருக்கிறது. ராஜா நிறுத்தின சிலைக்கு மூன்று பேர் குனிய மாட்டோம் என்றார்கள். வித்தியாசம், அங்கே வணக்கமே கட்டளையாக வந்தது.

எனவே ஒரே விதி கொடுக்க எனக்குத் துணிச்சல் இல்லை. நான் செய்தது: முந்தின நாள் எல்லோருடனும் சேர்ந்து அலமாரி துடைத்து ஒட்டடை அடிப்பேன். பூஜை நேரத்தில் வாசலில் நிற்பேன். முடிந்ததும் எல்லோருக்கும் டீ என் செலவு. படைத்த பொரிகடலையை வாங்குவதில்லை என்று ஆரம்பத்திலேயே சிரித்துக்கொண்டு சொல்லிவிட்டேன். இருபது வருடத்தில் ஒருவரும் கோபித்ததில்லை. வேறு மாதிரி நடந்துகொள்கிற விசுவாசிகளும் உண்டு. அவர்களை நான் நியாயம் தீர்க்கவில்லை.

‘அபிஷேகம் பண்ணப்பட்டவரைத் தொடாதே’ன்னு இருக்கே. தலைவரைக் கேள்வி கேக்கலாமா?

சங்கீதம் 105-இல் அந்த வார்த்தை ஊர் ஊராய்த் திரிந்த முற்பிதாக்களைப் பற்றியது; அதிகாரத்தில் இருந்த யாரையும் காப்பாற்ற எழுதினதல்ல. சவுல் ராஜாமேல் கை போடமாட்டேன் என்று தாவீது சொன்னதும் உண்மைதான். ஆனால் முழுக் கதையையும் பாருங்கள். சவுல் தனியாகச் சிக்கின கெபியை (குகையை) விட்டு வெளியே வந்து, அங்கே அறுத்தெடுத்த ராஜாவின் சால்வைத் தொங்கலைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எல்லோருக்கும் கேட்க ‘நான் உமக்குத் துரோகம் செய்யவில்லையே’ என்று நியாயம் கேட்டான். கொல்லவில்லை, ஆனால் ஆதாரத்தோடு கேட்டான். பிற்பாடு தாவீது ராஜாவாகித் தப்புச் செய்தபோது, தீர்க்கதரிசி நாத்தான் தாவீதிடமே “நீயே அந்த மனுஷன்” என்றான். பவுல் பேதுருவை முகமுகமாய் எதிர்த்தார்.

ரோமர் 13-ஐயும் இதற்கு இழுப்பார்கள். அதிகாரத்துக்குக் கீழ்ப்படியச் சொல்கிற அதே இடத்தில், அதிகாரியை ‘தேவ ஊழியக்காரன்’ என்று சொல்லி அவன் எதற்காக இருக்கிறான் என்பதும் இருக்கிறது: உனக்கு நன்மை உண்டாகும்பொருட்டு. மேலே பாட்டி கேட்ட கேள்வியும் கீழ்ப்படியாமை இல்லை. மொட்டைக் கடிதாசியும் வாட்ஸப் வதந்தியும் வேறு. அவற்றுக்குக் கையில் சால்வைத் தொங்கல் இருக்காது.

ஞானஸ்நானம் எடுத்தாச்சு. சர்டிபிகேட்டில் இந்து எஸ்.சி.ன்னு இருக்கு. ரிசர்வ் வார்டுல நிக்கலாமா?

இதைக் கேட்டவர் குரலைத் தாழ்த்திக்கொண்டுதான் கேட்டார். சட்டம் தெளிவு. 1950-ஆம் ஆண்டு ஆணைப்படி பட்டியல் சாதி அந்தஸ்து இந்துக்களுக்கு, 1956-இல் சீக்கியரும் 1990-இல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள், கிறிஸ்தவர்கள் சேர்க்கப்படவில்லை. ஞானஸ்நானம் பெற்று ஆராதனைக்குப் போகிறவர் வேலைக்காக அந்தச் சான்றிதழ் கேட்க முடியாது என்று 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே நிற்க வேண்டாம். பொய்யான தாளின்மேல் தொடங்குகிற பதவியில் சாமுவேலின் கேள்விகளை எப்படிக் கேட்பீர்கள்?

ஆனால் இதை அவரிடம் எளிதாகச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஞானஸ்நானம் எடுத்ததால் அவர் குடியிருக்கிற தெரு மாறவில்லை. கல்லறைத் தோட்டத்தில் இன்னும் சாதிக்கென்று சுவர் வைத்திருக்கிற சபைகள், இவருக்குச் சத்தியத்தைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுவதற்கு முன் அந்தச் சுவரைப் போய்ப் பார்க்கட்டும். தலித் கிறிஸ்தவர்களுக்கும் அந்த அந்தஸ்து வேண்டும் என்று தமிழ்நாடு சட்டமன்றம் 2023-இல் தீர்மானம் போட்டது. வெளிப்படையாக அதைக் கேட்டுப் போராடுவது ஒருவருக்கும் தலைகுனிவு இல்லை.

யோசேப்பு மாதிரி அதிகாரி ஆகணும்னு ஜெபிக்கிறேன். சரிதானே?

ஆதியாகமம் 41 வரைக்கும் சரி. எகிப்தில் பஞ்சத்துக்கு ஏழு வருடம் முன்னாலேயே யோசித்துத் தானியம் சேர்த்தார், ஊரே பிழைத்தது. 47-ஐ நம்மில் யாரும் பிரசங்கத்தில் தொடுவதில்லை. பஞ்சம் நீண்டபோது முதலில் ஜனங்களின் பணம் முழுவதும் பார்வோன் வீட்டுக்குப் போகிறது. பிறகு ஆடுமாடு. அடுத்து நிலம், கடைசியில் அவர்களே அடிமைகள். விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கு நிரந்தர வரி. ஆசாரியர் நிலத்தை மட்டும் தொடவில்லை. ஜனங்கள் எங்கள் உயிரைக் காப்பாற்றினீர் என்று நன்றிதான் சொன்னார்கள். ஆனாலும் அடுத்த புத்தகம் தொடங்கும்போது, யோசேப்பை அறியாத ஒரு ராஜன் கையில் அந்த அதிகாரமெல்லாம் இருக்கிறது. அடிமையாவது யோசேப்பின் சொந்த ஜனம். வேதம் அவரைத் திட்டவில்லை, நானும் திட்டவில்லை. நல்லவன் கையில் குவிக்கிற அதிகாரம் அவனோடு ஓய்வு பெறாது என்று மட்டும் குறித்து வையுங்கள்.

நம் பக்கத்தில் தாது வருஷப் பஞ்சம், 1876 முதல் 1878 வரை. முன்பு மாயவரத்தில் முன்சீப்பாக (சிவில் நீதிபதியாக) இருந்த வேதநாயகம் பிள்ளை, கத்தோலிக்கர், தன் சொந்தப் பொருளைப் போட்டுப் பசித்தவர்களுக்குச் சோறு போட்டார். கோபாலகிருஷ்ண பாரதியார் அவரைப் பாராட்டிப் பாடியிருக்கிறார். ஜெபிப்பதென்றால் இவரையும் நினைத்துக்கொண்டு ஜெபியுங்கள்.

தோத்துட்டேன் அண்ணாச்சி. நாளைக்கு எந்த முகத்தோட கோவிலுக்குப் போக?

அப்போஸ்தலர் 1. யூதாசின் இடத்துக்கு இரண்டு பேரை நிறுத்துகிறார்கள், மத்தியா, பர்சபா என்னும் யோசேப்பு. இருவருமே யோவானின் ஞானஸ்நான காலத்திலிருந்து கூடவே நடந்தவர்கள். அத்தனை காலமும் இரண்டு பேருக்கும் பதவி ஒன்றும் இல்லை. சீட்டுக் குலுக்கினார்கள், மத்தியாவுக்கு விழுந்தது. யோசேப்பு என்ன ஆனார் என்று அதற்குப் பிறகு ஒரு வரி இல்லை. அடுத்த அதிகாரம், பெந்தெகொஸ்தே நாளில் “அவர்களெல்லாரும்” ஒருமனப்பட்டு ஓரிடத்திலே வந்திருந்தார்கள் என்று தொடங்குகிறது. அந்த எல்லாரிலும் அவர் இருந்தார் என்றுதான் நான் வாசிக்கிறேன்.

இதைச் சொன்னபோது அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டே, “சரி, வாறேன். ஆனா பின் பெஞ்சுலதான் உக்காருவேன்” என்றார்.